கூடாரத்துக்குள் வராத கிருமி

ஜனவரி 9

கூடாரம்,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாயே, அதுவே பெரிய விஷயம். விலாசம் கொடுத்தது நம் பழைய வாட்ச்மேன். நீ எங்கேயோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். போன் நம்பரையும் கொடுத்தார். மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

நம் ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு வாரமாக அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். சாத்தவே முடியாத அந்த ஜன்னல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீ இடுக்கில் திணித்து வைத்த செய்தித்தாளை நேற்றுதான் பிடுங்கினேன், பழுப்பேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைக் கூட்டி அள்ளக்கூட மனசு வரவில்லை, போ.

உனக்கு நினைவிருக்கிறதா? நான் வேலை செய்த அந்த அறையில் மின்விசிறியே போடக் கூடாது. மெழுகில் புதைத்த எலிக் குடலைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி எடுப்பேன். மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும். நான் வேர்த்து வழிந்துகொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது நீ பின்னால் வந்து நோட்டுப் புத்தகத்தால் விசிறுவாய். "அய்யோ பாவம், சீவலுக்குக் காத்து வேணுமாம்." மொத்தமும் பறக்கும். அன்றைக்கு உன்னை எத்தனை திட்டினேன்! அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது. இங்கே இன்றைக்கும் பியூன் வரைக்கும் 'சீவல் மேடம்'தான்.

பக்கத்து அறையில் உன் பிளாஸ்டிக் கூடாரங்கள். காற்று ஊதி நிற்க வைத்த, ஆள் உயரக் கூடாரங்கள். சுவரோடு ஒட்டிய ரப்பர் கையுறைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு நீ எலிகளோடு பேசிக்கொண்டிருப்பாய். "பிறந்ததிலேருந்து ஒரு கிருமியைக்கூடப் பாக்காத புள்ளைங்கடி இதுங்க" என்று பெருமை வேறு. நாம் வாத்தியார் என்று கூப்பிட்ட நம் பேராசிரியர் முதல் நாள் கேட்ட கேள்வியை நான் இன்னும் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன். "குடலோட உள்சுவர் ஒரே ஒரு செல் தடிமன். அந்தப் பக்கம் கோடி கோடியா கிருமி. இந்தப் பக்கம் நம்ம ரத்தம். எப்படித் தாங்குது, சொல்லுங்க பாப்போம்?" நீதான் முதலில் வாய் திறந்தாய். "சுவருக்குக் கண்ணு இருக்கணும் சார்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எதை எழுத உட்கார்ந்தேனோ அதை இன்னும் எழுதவில்லை. காலி செய்யும்போது ஒரு பெட்டி கிடைத்தது. அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். நீ பதில் போட்டால் சொல்கிறேன்.

சீவல்

&nbsp;

ஜனவரி 22

சீவலுக்கு,

நான் நலம். ஆஸ்பத்திரியில் நீராவி அறையில் வேலை. அறுவைக் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, சுடுநீராவியில் வைத்து, கிருமி இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறேன். பதினேழு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு பொட்டலம்கூடத் திரும்பி வந்ததில்லை. விசாரித்தாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜன்னல், நோட்டுப் புத்தகம், மின்விசிறி எல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. வேறொன்றும் நினைவிருக்கிறது. அன்றைக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும், "கூடாரத்துக்குள்ள கிருமி போயிருக்கு. எட்டு மாச உழைப்பு மண்ணாப் போச்சு. இதுக்கு யாரு பொறுப்பு?" என்று கத்தியபோது நீ எனக்குப் பக்கத்தில்தான் நின்றாய். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆறு வருஷம் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவள், "அவ அப்படிப்பட்ட ஆள் இல்ல சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அறுபது எலிகளையும் கொன்றார்கள். நானே எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது எனக்கு நேரமும் இல்லை, மனசும் சரியில்லை. தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. தம்பி குடும்பம் மாடியில், நான் கீழே. மார்ச்சில் அவன் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். எனக்கு எப்போதும் மதியத்துக்கு மேல்தான் வேலை, அதனால் காலை நேரம் நான் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதனால் வீட்டில் ஒரே மனஸ்தாபம். அவளுடைய அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகப் போகிறார்களாம்.

பெட்டி, அது இது என்று புதிர் போடாதே. சொல்வதென்றால் நேராகச் சொல். இல்லையென்றால் விட்டுவிடு.

(பெயர் உனக்குத் தெரியும்)

&nbsp;

பிப்ரவரி 3

கூடாரம்,

நேராகவே சொல்கிறேன். இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கூடாரத்துக்குள் கிருமி போகவே இல்லை. தப்பு என்னுடையது.

அந்தச் சோதனை உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும். கிருமி வந்து தொட்டதும் குடல் சுவர் அதை உணர்ந்துகொண்டு, கிட்டே வருவதைக் கொல்லத் தானே ஒரு புரதம் தயாரிக்கிறது. கிருமியே பார்க்காத எலியின் சுவர் அதைத் தயாரிப்பதே இல்லை என்று சொல்லலாம். அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டுகிற பச்சைச் சாயம் நம்மிடம் இருந்தது. சாதாரணக் கூண்டு எலியின் குடல் பச்சையாக ஒளிரும், உன் கூடாரத்து எலியின் குடல் இருட்டாக இருக்கும். இதுதான் எதிர்பார்ப்பு. அன்றைக்குக் குடல் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு ஆறு. முதல் நாலு உன் எலிகள், கடைசி இரண்டு கூண்டு எலிகள்.

எது எந்த எலி என்ற எண்ணை ஸ்லைடு ஓரத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இங்கே சேர்கிற எவரும் முதல் மணி நேரத்தில் கற்பது அதுதான். அன்றைக்கு மதியக் காட்சிக்கு நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "வாடி, படம் ஆரம்பிச்சுரும், பெயர் போடறதுக்குள்ள ஹீரோ செத்துருவான்" என்று கத்தினாய். பென்சில் கைக்கு அகப்படவில்லை. கோட்டுப் பையிலிருந்த பேனாவால் கிறுக்கிவிட்டு, ஸ்லைடுகளை வரிசையாகச் செருகிய தாங்கியோடு ஆல்கஹாலில் இறக்கிவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் ஆறும் வெறும் கண்ணாடி. ஒரு எண்கூட இல்லை. தாங்கியில் வைத்த வரிசை நினைவிருந்தது, அந்த நினைப்பில் பென்சிலால் திரும்ப எழுதினேன். ஆனால் தாங்கியைத் தூக்கி மேஜையில் வைத்தபோது அது திரும்பியிருக்குமோ என்று அப்போதே ஒரு சந்தேகம். திரும்பியிருந்தால் கடைசியில் இருந்தது முதலாகிவிடும். கூண்டு எலிகள் இரண்டும் உன் எலிகளாகிவிடும்.

அப்படியேதான் ஆகியிருக்கிறது. உன் எலிகளில் இரண்டு விளக்கு மாதிரி ஒளிர்ந்தன. கூண்டு எலிகள் இரண்டும் இருட்டு. வாத்தியார் கூண்டு ஸ்லைடுகளைக் காட்டி, "இதுல சாயம் சரியாப் பிடிக்கல, தள்ளு. அதைப் பாரு, கூடாரம் ஓட்டை" என்று முடித்துவிட்டார். 'சார், எண் அழிஞ்சு போயிடுச்சு, நான் திரும்ப எழுதினேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இன்னொரு எலியை அறுத்துப் பார்த்திருப்பார். பயம். பென்சில் விஷயத்தில் தப்பு செய்தவள் என்று பெயர் வாங்க வெட்கம். நீ போன பிறகு எப்படிச் சொல்வது என்ற வெட்கம். வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அந்த ஆறும் பெட்டியில் கிடைத்தன. பச்சை ஒளி எப்போதோ மங்கிப் போயிருந்தது. மேல்கண்ணாடியை ஊறவைத்துக் கழற்றி, சாதாரண நீலச் சாயம் போட்டுப் பார்த்தேன். 'கூடாரம்' என்று நான் எழுதிய அந்த இரண்டிலும் குடல் சுவரில் நூல்நூலாகக் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நூல் கிருமி காற்றிலோ தூசியிலோ வருவதில்லை, எலியிடமிருந்து எலிக்குத்தான் தொற்றும். நம் கூண்டு எலிகள் எல்லாவற்றிடமும் அது இருந்தது. மற்ற நாலு ஸ்லைடும் துடைத்துவிட்டது போல் சுத்தம். நாலுதான் உன் எலிகள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நீ சுமந்தாய். பாவம் இங்கே அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

சீவல்

&nbsp;

பிப்ரவரி 17

சீவல்,

உன் கடிதத்தை நீராவி அறையில் நின்றுகொண்டு படித்தேன். மணி அடித்தும் இயந்திரத்தைத் திறக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவள், "அக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

உன்னை என்ன செய்தால் தகும்? பேனாவாம், பென்சிலாம். நான் அந்த இடத்தை விட்டபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கப்புறம் எந்த ஆய்வுக்கூடத்திலும் என்னை வாசல்படி மிதிக்க விடவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்றாம் நாள் திட்ட முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஏன் சண்டை போடாமல் போனேன் என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? நான் சும்மா விடுகிற ஆளா?

அந்த எலிகளை அறுப்பதற்குப் பதினொரு நாள் முன்னால், இடது கையுறையின் கட்டைவிரலில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. என் நகம்தான். வெட்டாமல் வந்திருந்தேன். விதிப்படி உடனே எழுதி வைக்க வேண்டும், கூடாரத்தை இரண்டு வாரம் தள்ளி வைக்க வேண்டும், வேலை நிற்கும். நான் மருந்து போட்டுத் துடைத்து, டேப் ஒட்டி, மறுநாள் கையுறையையே மாற்றிவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. எலிகளின் எச்சத்தை எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். வாத்தியார் கத்தியபோது நீ தரையைப் பார்த்தாய். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

ஆக இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம். நீ உன் தட்டில், நான் என் தட்டில்.

அறுபது எலியை என் நகம் கொன்றது என்று பதினெட்டு வருஷம் நம்பினேன், சீவல். நம்பினேன் என்றால் சும்மா இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறேன் என்று எனக்கே தெரியாது. மழைக்காலத்தில் விரல் வெடித்து ரத்தம் வரும். யாராவது தண்ணீர் கேட்டால் டம்ளரின் அடியைப் பிடித்துக் கொடுப்பேன். என் கை பட்ட இடத்தில் ஏதோ போய் ஒட்டும் என்று ஒரு பயம். குழந்தை பிறந்த அன்று தம்பி, "இந்தாக்கா, அத்தைதான் மொதல்ல தூக்கணும்" என்று நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இன்றுவரை தொடவில்லை. காலையில் மாடியிலிருந்து அழுகை கேட்கும். படியில் பாதி ஏறி நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். ஏன் என்று அவர்களிடம் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் கடைசியில் வீடு மாறுகிறார்கள். மாடியில் அட்டைப் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்கிறது.

நீ அந்த ஸ்லைடுகளை மறுபடி பார். உன் தப்பைப் பற்றி எனக்கு இப்போது கவலையில்லை. என் ஓட்டை வழியாக ஏதாவது உள்ளே போனதா, இல்லையா? அதை மட்டும் சொல். எனக்காகப் பூசி மெழுகாதே. அப்புறம், வாத்தியாரிடம் உன் வாயாலேயே சொல்ல வேண்டும். கடிதம் போட்டுத் தப்பிக்காதே.

கூடாரம்

&nbsp;

பிப்ரவரி 28

கூடாரம்,

பெயர் போட்டிருந்தாய். அதையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நாலு ஸ்லைடையும் ஓரம் முதல் ஓரம் வரை இரண்டு நாள் பார்த்தேன். எனக்கு வேண்டியவள் கேட்கிறாள் என்று சொல்லாமல், புதிதாக வந்திருக்கும் கண் கூர்மையான பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கிருமியும் இல்லை, ஒரு பூஞ்சைத் துணுக்கும் இல்லை. அந்த எலிகளை அறுத்தது உன் கையுறை ஓட்டையானதற்குப் பதினொரு நாள் கழித்து. ஏதாவது நுழைந்திருந்தால் அதற்குள் பெருகி நிறைந்திருக்கும், சுவரும் பச்சையாக ஒளிர்ந்திருக்கும். நாலும் இருட்டு. நீ வளர்த்துப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை என்கிறாய். உன் ஓட்டை வழியாக ஒன்றும் போகவில்லையடி. ஓட்டை இருந்தது உண்மை, மறைத்தது தப்பு, ஆனால் எலிகளைக் கொன்றது உன் கை இல்லை.

வாத்தியாரைப் பார்த்தேன். மகன் வீட்டில் இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்கவில்லை. மெதுவாக, மரியாதையாகச் சொல்லலாம் என்று ஒத்திகை எல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். "என்னம்மா?" என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்ன?" என்றார். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி, "ஸ்லைடு நம்பரை நாந்தான் மாத்தி எழுதினேன் சார்! பயத்துல சொல்லல சார்!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மருமகள் காபியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினெட்டு வருஷம் மூடி வைத்ததற்கு இப்படித்தான் நடக்க வேண்டும்.

அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்புறம், "அந்தப் பொண்ணு தினம் எழுதின நோட்டு என் மேஜையிலதான் இருந்துச்சு. நான் பிரிச்சே பாக்கல" என்றார். "இன்னொரு எலியை எடுத்துப் பாருன்னு நான்ல சொல்லியிருக்கணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன்னிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "என்ன சொல்றதுக்கு எனக்கு முகம் இருக்கு?" என்றார்.

ஆய்வுக்கூட இயக்குநருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். புதுக் கட்டடத்தில் பயிற்சிப் பிரிவை என்னிடம் கொடுப்பதாக இருந்தது. இப்போது யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும்.

இனிமேல் குழந்தை விஷயம். நீ என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். நீ போன மறு வருஷம் புதுக் கூடாரம் போட்டோம். கிருமியில்லாத எலிகளுக்கு, வயிற்றுக்குப் பழகிய ஒரு கிருமியை நாங்களே கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் சுவர் பச்சையாகிவிட்டது. அதுவரை அந்தச் சுவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாமல் இல்லை, அதை யாரும் வந்து தட்டவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு உன்னைத்தான் தேடினேன். 'சுவருக்குக் கண்ணு இருக்கணும்' என்று சொன்னவள் பார்க்க வேண்டியதைத் தனியாகப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் கழிவறைக்குப் போய் அழுதேன்.

உன் தம்பி மகள் கூடாரத்தில் பிறக்கவில்லை. பிறந்த நிமிஷமே அம்மாவிடமிருந்து கிருமிகள் வந்து குடியேறிவிட்டன. பாலோடு, மூச்சோடு, அப்பாவின் தாடியோடு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எது எவ்வளவு கிட்டே வரலாம் என்று அவள் குடல் சுவர் இந்நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். நீ செய்ய வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிற அந்தக் காவல் வேலையை அவளே பார்க்கிறாள். நீராவி அறை வேறு, தொட்டில் வேறு. சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவு, துடை, தூக்கு. இரண்டாம் தடவை கழுவப் போகாதே.

மார்ச் கடைசி ரொம்ப தூரம் இல்லை. சொல்லிவிடு அவர்களிடம். நான் சொல்லாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

சீவல்

&nbsp;

மார்ச் 19

சீவல்,

உன் கடிதம் வந்த அன்றே சொல்லவில்லை. ஆறு நாள் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குப் போனேன். தம்பி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். "நில்லும்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். கையுறை, நகம், எலி, உன் பேனா எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். எலிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி விழித்தான். அவள் புரிந்துகொண்டாள்.

"இதுக்காகவா அண்ணி? உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இத்தனை நாளா நான் தனியா அழுதிருக்கேன்" என்றாள். கைகழுவும் தொட்டிக்குப் போனேன். ஒரு தடவை கழுவினேன். துண்டை எடுத்துத் துடைத்தேன். குழாயைப் பார்த்தேன். மறுபடி திறக்கக் கை போனது. அவள் வந்து பக்கத்தில் நின்று குழந்தையை என்மேல் வைத்துவிட்டாள், கேட்கவே இல்லை. கனமாக இருந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனம். என் கழுத்தில் முகத்தைத் தேய்த்துச் சட்டையெல்லாம் எச்சில். தம்பி பாத்திரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சின்ன வயதிலிருந்தே அழுதால் அப்படித்தான்.

குடிபோகவில்லை. நேற்றிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள்.

வாத்தியாரிடம், நோட்டைப் பிரித்திருந்தாலும் அந்த ஓட்டை அதில் இருந்திருக்காது என்று சொல். அந்தப் பங்கு என்னுடையது, அவர் சுமக்க வேண்டாம். உன் மேல் உள்ள கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் இல்லை, மதியம் சொல்லாமல் வந்த மாமியார் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருபத்தெட்டு வயதை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? ஆனால் அந்த அறையை, உன் வேர்த்த முகத்தை, பறந்த சீவல்களை நினைத்துக்கொள்ள இத்தனை வருஷம் எனக்கு உரிமை இல்லாத மாதிரி இருந்தது. இப்போது நினைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. நேரில் திட்ட வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

வரிகள் கோணல்மாணலாக ஓடுகின்றன, திட்டாதே. காகிதத்தை அழுத்திப் பிடிக்க எனக்குக் கை இல்லை. இடது கை பாப்பாவின் தலைக்கு அடியில் இருக்கிறது. எடுத்தால் விழித்துக்கொள்வாள்.

கூடாரம்